பளபளக்கும் கிளியர் கோட்: ஸ்கேல் மாடலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

நிஜக் காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதே 50 மைக்ரானை 1/20 அளவு மாடல் காரில் ஏற்றினால், நிஜ அளவுக்குக் கணக்குப் போடும்போது அது ஒரு மில்லிமீட்டர் ஆகிறது. 1/24 காரில் 1.2 மில்லிமீட்டர், 1/72 விமானத்தில் 3.6 மில்லிமீட்டர். நன்றாகப் பளபளக்கும் ஒரு மாடல் ஏனோ பொம்மையாகத் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கதவு இடுக்குகள் பாதி நிரம்பியிருக்கும், கூரான விளிம்புகள் உருண்டு போயிருக்கும். அதனால் ‘எது அதிகம் பளபளக்கும்?’ என்று கேட்பதில் பயனில்லை. கடையில் கிடைக்கும் பளபளப்பு வகைக் கிளியர் எல்லாமே பளபளக்கத்தான் செய்யும். குறைந்த கனத்தில் வழவழப்பாக உட்காருவது எது, அடியில் இருப்பதைக் கெடுக்காமல் உட்காருவது எது என்பதுதான் கேள்வி.

பேச வசதியாக ஒரு மாடலை எடுத்துக்கொள்கிறேன்: மாடல் கிட் நிறுவனமான டமியாவின் 1/20 லோட்டஸ் 79. மரியோ ஆண்ட்ரெட்டி 1978-இல் பார்முலா 1 உலகப் பட்டம் வென்ற கார் இது. உடல் முழுக்கக் கறுப்பு, அதன் மேல் மெல்லிய தங்கக் கோடுகள். கிளியர் கோட்டுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை குறைவு. கறுப்பு எதையும் மறைக்காது; ஒரு தூசி, ஒரு சின்ன அலை இருந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும். தங்கக் கோடுகள் எல்லாம் டீக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம். அகலமான தட்டைப் பரப்புகளில் அந்தக் கோடுகளின் ஓரம் தெரிந்துவிட்டால் அவ்வளவு நேர வேலையும் ஸ்டிக்கர் ஒட்டியதாகத் தோன்றும். புகையிலை விளம்பர எழுத்துகள் கிட்டோடு பெரும்பாலும் வருவதில்லை என்பதால், வேறு இடத்தில் அச்சிட்ட டீக்காலைத் தனியாக வாங்கி ஒட்டுகிறவர்கள் நிறைய. அப்போது ஒரே உடலின் மேல் இரண்டு விதமான மை, இரண்டு விதமான படலம் இருக்கும். தவறான கிளியர் பட்டால் ஒன்று தாங்கும், மற்றது சுருங்கும்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது

தெளித்த கிளியர் துளித்துளியாகத்தான் பரப்பில் விழுகிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஈரப் படலமாகின்றன. அந்தப் படலத்தின் மேடு பள்ளங்களைச் சமமாக்க இழுப்பது பரப்பு இழுவிசை. இழுபடாமல் தடுப்பது திரவத்தின் பாகுநிலை. இந்த இழுபறியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கார் கண்ணாடியாக மாறுமா, ஆரஞ்சுத் தோலாக மாறுமா என்பதை முடிவு செய்கிறது.

பெயிண்ட் அறிவியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஈரப் படலத்தின் கனம் இரண்டு மடங்கானால், அது சமமாகும் வேகம் எட்டு மடங்காகும். மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், சமமாவதற்கு 16 மடங்கு நேரம் பிடிக்கும். அதாவது பொடிப்பொடியான மேடுகள் நொடிகளில் தானாக மறைந்துவிடும். பெரிய அலைகள் மறைவதற்குள் பூச்சு காய்ந்துவிடும். ஆரஞ்சுத் தோல் என்பது அப்படி நேரம் கிடைக்காமல் உறைந்துபோன பெரிய அலைதான்.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். சமமாக வேண்டுமென்றால் படலம் ஈரமாக, கனமாக இருக்க வேண்டும். ஆனால் காய்ந்த பிறகு அது மெல்லியதாக இருக்க வேண்டும் என்று முதல் பத்தியில்தான் பார்த்தோம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க ஒரே வழிதான் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது அதில் பெரும்பங்கு தின்னராக, அதாவது பெயிண்டை நீர்க்கச் செய்யும் கரைப்பானாக, இருக்க வேண்டும். அந்தத் தின்னர் அவசரப்படாமல், மெதுவாக ஆவியாக வேண்டும். டீக்கால் சுருங்குவதும் கரைப்பானால்தான். மழைக்காலத்தில் பூச்சு வெளுப்பதும் கரைப்பானால்தான். வீட்டில் இருப்பவர்களின் மூச்சுக்குள் போவதும் அதேதான். கிளியரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு கரைப்பானை. பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் பெயரைவிட இது பெரிய விஷயம். கீழே வரும் ஒவ்வொன்றையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஸ்ப்ரே கேன்

ஏர்பிரஷ் (கம்ப்ரசர் காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் சிறு கருவி) இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. டமியாவின் டிஎஸ்-13 கார் மாடல்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தி வரும் 100 மில்லி கேன். உள்ளே இருப்பது லேக்கர் வகை, அதாவது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காயும் பூச்சு. சரியாகத் தெளித்தால் வரும் பளபளப்பு மிக ஆழமானது. நன்றாகக் காய்ந்தபின் பாலிஷுக்கும் அருமையாக ஒத்துழைக்கும்.

கஷ்டம் என்னவென்றால், கேனில் கரைப்பானின் அளவும் வேகமும் உங்கள் கையில் இல்லை. தொழிற்சாலையில் நிரப்பியதுதான். துளிகள் பெரியவை, வெளியே வரும் அளவும் அதிகம். டீக்கால் இல்லாத வெறும் கார் உடலுக்கு இது பரவாயில்லை. டீக்கால் மேல் முதல் சுற்றிலேயே ஈரமாகத் தெளித்தால், அதிலிருக்கும் கரைப்பான் டீக்கால் படலத்தை இளக்கிச் சுருக்கிவிடும். லோட்டஸின் தங்கக் கோடுகளுக்கு இதைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு மூன்று சுற்றுகளைத் தூரத்திலிருந்து பனித்தூவலாக மட்டும் போடுங்கள். பரப்பு சற்றுச் சொரசொரப்பாகவே தெரியும், பதற வேண்டாம். சுற்றுக்குச் சுற்று நன்றாகக் காயவிட்டு, அந்தத் தூவல் ஒரு தடுப்பாக நின்ற பிறகுதான் ஈரச் சுற்று. அதிலும் கை நிற்கக்கூடாது. மாடலுக்கு வெளியே பட்டனை அழுத்தி, கடந்து போய், மறுபக்கம் வெளியே வந்துதான் விட வேண்டும்.

குளிர் நாடுகளில் கேனை வெந்நீரில் வைத்துச் சூடேற்றிவிட்டுத் தெளிப்பார்கள். அழுத்தம் கூடும், துளி பொடியாகும். நம் ஊரில் சித்திரை வைகாசியில் அந்தத் தேவையே இல்லை. மார்கழியில் வேண்டுமானால் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைக்கலாம். அடுப்பின் பக்கம் மட்டும் கொண்டுபோகவே கூடாது, உள்ளே இருப்பது எரியும் வாயு.

ஏர்பிரஷில் லேக்கர்

என் தேர்வு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் மிஸ்டர் கலர் என்ற பெயிண்ட் வரிசையில் வரும் ஜிஎக்ஸ்100 சூப்பர் கிளியர் 3, அதோடு அவர்களுடைய மிஸ்டர் லெவலிங் தின்னர். டமியாவின் எல்பி-9 கிளியரும் இதே குடும்பம்தான்; அதையும் இதே தின்னரில் கலக்கலாம்.

இந்த ஜோடியில் கதாநாயகன் தின்னர்தான். சாதாரண லேக்கர் தின்னரோடு உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரும் அதில் கலந்தே வருகிறது. மேலே சொன்ன மெதுவாக ஆவியாகும் கரைப்பான் என்பது இதுதான். 18 மில்லி பாட்டிலில் வரும் கிளியர் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். ஒரு பங்கு கிளியருக்கு ஒன்றரைப் பங்கு தின்னரில் ஆரம்பித்து, கடைசிச் சுற்றுக்கு இரண்டு பங்கு அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே போகலாம். அழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. 0.3 மில்லிமீட்டர் நாசில் போதும், 0.5 இருந்தால் தட்டைப் பரப்புகளுக்கு இன்னும் வசதி.

லோட்டஸின் பக்கவாட்டுப் பகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கால் ஒட்டி ஒரு முழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். டீக்காலுக்கு அடியில் ஈரம் மிச்சமிருந்தால் அதைக் கிளியருக்குக் கீழே சிறை வைத்துவிடுவீர்கள். டீக்கால் பசையின் மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பசை கிளியருக்கு அடியில் பழுப்புக் கறையாகத் தெரியும். முதல் இரண்டு சுற்றும் தூவல். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, கொஞ்சம் ஈரமான மூன்றாவது சுற்று. அப்புறம்தான் முக்கியமான ஈரச் சுற்று. அப்போது பரப்பை நேராகப் பார்க்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் அதில் விழும்படி சாய்த்து, தாழ்ந்த கோணத்தில் அந்தப் பிரதிபலிப்பை மட்டும் பாருங்கள். தூவல் விழும்போது டியூப்லைட்டின் ஓரம் மங்கலாக, மணல்மணலாக இருக்கும். கையை அரை வேகத்துக்குக் குறைத்ததும் அந்த ஓரம் நெளிந்து, நெளிந்து, ஒரு நொடியில் கோடு போட்டது போல நேராகும். அந்த நொடியில் கையை நகர்த்திவிட வேண்டும். இன்னொரு அரை நொடி நின்றால் கீழ் விளிம்பில் திரளும், திரண்டால் ஒழுகும். இந்த ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம், தூரம், கலவை விகிதம் எல்லாவற்றையும் அதை வைத்தே திருத்திக்கொள்ளலாம்.

லேக்கர் வெறும் ஆவியாதலால் காய்வது. வெல்லப்பாகு காய்ந்து கெட்டியானாலும் மறுபடி வெந்நீர் பட்டால் இளகுவது போல, அடுத்த சுற்றின் கரைப்பான் முந்தைய சுற்றை மறுபடி இளக்கும். இதனால் எல்லாச் சுற்றும் ஒரே படலமாக இணைகின்றன. பாலிஷ் போடும்போது அடுக்கு அடுக்காக வளையம் தெரியாது. தவறிப்போய் ஒரு தூசி உட்கார்ந்தால், காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து இன்னொரு சுற்று போட்டால் போதும், தேய்த்த இடம் காணாமல் போகும்.

அதே குணம்தான் பலவீனமும். கீழே எனாமல் பெயிண்ட் இருந்தால் லேக்கர் அதைச் சுருக்கிவிடும். லெவலிங் தின்னர் மெதுவாகக் காய்கிறது என்றால் டீக்கால் மேல் அதிக நேரம் ஈரமாக நிற்கிறது என்றும் அர்த்தம். தூவல் சுற்றுகளைத் தவிர்த்தால் இங்கும் டீக்கால் சுருங்கத்தான் செய்யும். இன்னொன்று பொறுமை சம்பந்தப்பட்டது. லேக்கர் பல நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பானை விட்டுக்கொண்டே இருக்கும், படலம் அமுங்கிக்கொண்டே போகும். இன்று டீக்கால் ஓரம் மறைந்துவிட்டது என்று பாலிஷ் போட்டு முடித்தால், சில வாரம் கழித்து அந்த ஓரம் மெல்லிய நிழலாக மறுபடி எட்டிப்பார்க்கும். ஓரத்தைச் சுத்தமாகப் புதைக்க வேண்டுமென்றால் நடுவில் ஒருமுறை காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும்.

எக்ஸ்-22 என்ற இரண்டாவது வழி

டமியாவின் எக்ஸ்-22 அக்ரிலிக் கிளியர். இதற்கென்று விற்கும் தின்னர் எக்ஸ்-20ஏ. அந்த ஜோடியில் தெளித்தால் விளைவு சுமார்தான். சீக்கிரம் இறுகிவிடும், அலை நிற்கும். ஆனால் இதே எக்ஸ்-22-ஐ மிஸ்டர் லெவலிங் தின்னரில் கலந்து பாருங்கள், வேறு பொருளாகிவிடும். பாட்டில் அதே, கரைப்பான் மட்டும் மாறுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஜிஎக்ஸ்100-ஓடு ஒப்பிட்டால், இதன் படலம் மென்மையானது. முழுதாக இறுக ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் இறுக்கிப் பிடித்தால் கைரேகை பதியும். பாலிஷ் போடலாம், ஆனால் அதே கூர்மை வராது, தேய்க்கும்போது சூடேறினால் இழுத்துக்கொள்ளும். பதிலுக்கு, எக்ஸ்-20ஏ-வில் கலக்கும்போது டீக்கால்களிடம் இது மிக மென்மையாக நடந்துகொள்கிறது. பழைய கிட், மஞ்சளேறிய தாள், யார் அச்சிட்டதென்று தெரியாத டீக்கால் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். முதல் சுற்றுகளை எக்ஸ்-20ஏ-வில் கலந்து தூவிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் லெவலிங் தின்னருக்கு மாறலாம்.

ஒரு எச்சரிக்கை: எக்ஸ்-22-இன் மேல் டிஎஸ்-13 மாதிரியான காரமான லேக்கரை ஈரமாகத் தெளித்தால் அடிப்படலம் வெடித்துச் சுருங்கக்கூடும். லேக்கர் கீழே, அக்ரிலிக் நடுவில், எனாமல் மேலே என்ற வரிசையில் போவதுதான் பாதுகாப்பு.

விமானம், டாங்கி கட்டுகிறவர்களுக்குக் கிளியர் கோட்டின் வேலையே வேறு. அங்கே பளபளப்பு கடைசி முகம் இல்லை, இடைக்காலம். டீக்கால் படியும்போது அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியாமல் இருக்க வழவழப்பான தரை வேண்டும். அதன் மேல் எனாமல் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) ஓட்டி, துடைத்து, கடைசியில் பளபளப்பில்லாத மேட் கோட் அடித்து மூடிவிடுவார்கள். அதற்கு மெல்லிய எக்ஸ்-22 ஒன்றிரண்டு சுற்றே ஏராளம். 1/72 விமானத்தில் 3.6 மில்லிமீட்டர் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் அங்கே கண்ணாடிப் பளபளப்புக்கு ஆசைப்பட மாட்டீர்கள்.

தண்ணீர் வகைகள்

வாடை குறைவு, கழுவுவது சுலபம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பொருத்தம். வல்லேஹோவின் கிளாஸ் வார்னிஷ், ஆல்கிளாடின் அக்வா கிளாஸ் இரண்டும் இந்த வகை. ஒரு காலத்தில் ஜான்சன் நிறுவனத்தின் ‘ஃப்யூச்சர்’ என்ற தரை பாலிஷ்தான் உலகம் முழுக்க மாடல்காரர்களின் ரகசிய ஆயுதமாக இருந்தது. பாட்டிலிலிருந்து நேராகத் தெளிக்கலாம், காக்பிட் கண்ணாடியை அதில் முக்கியெடுத்தால் கீறல்கள் மறைந்து தெளிவாகும், பிடிக்கவில்லை என்றால் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் கழுவிவிடலாம். இப்போது அது சந்தையில் இல்லை. பழைய கட்டுரைகளில் அதைப் படித்துவிட்டுத் தேட வேண்டாம். அக்வா கிளாஸ் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது.

கண்ணாடி போலத் தெரியும் ஆல்கிளாட் குரோம் பெயிண்ட் அடித்த பம்பர், விளக்கு வளையம் போன்றவற்றுக்குத் தண்ணீர் வகைதான் கதி. லேக்கர் கிளியர் பட்டால் குரோமின் கண்ணாடித்தன்மை செத்துச் சாம்பல் நிறமாகிவிடும்.

ஆனால் லோட்டஸின் உடலுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம், வழுக்கான பெயிண்ட் மேல் அது பரவுவதற்குப் பதில் கூடிக்கூடிச் சேரப் பார்க்கும். வல்லேஹோ படலம் கொஞ்சம் ரப்பர் தன்மையானது. உப்புத்தாளால் தேய்த்தால் பொடியாக வராமல் உரியும். தேய்க்க முடியாத கிளியரில் தூசி விழுந்தால் திருத்த வழியில்லை, கறுப்புக் காருக்கு அது ஒத்துவராது. வல்லேஹோவில் ஆல்கஹாலோ லேக்கர் தின்னரோ கலந்துவிடாதீர்கள், உடனே திரிந்து கட்டியாகி ஏர்பிரஷை அடைத்துவிடும். அதற்கென்று உள்ள தின்னர்தான்.

2கே யூரித்தேன்

போட்டிகளில் ஜெயிக்கும் கார் மாடல்கள் பலவற்றில் இருப்பது இதுதான். அதன் அழகை மறுக்க முடியாது. கிளியரும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும்; 2கே என்பது இந்த இரண்டைத்தான் குறிக்கிறது. கலந்த பிறகு அது காய்வது ஆவியாதலால் மட்டுமல்ல, வேதிவினையால். மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு இறுகுகின்றன. அதனால் லேக்கரைப் போல வாரக்கணக்கில் அமுங்குவதில்லை. இரண்டே சுற்றில் டீக்கால் ஓரம் புதைந்துவிடும், பாலிஷே தேவைப்படாத அளவுக்கு வழவழப்பாக உட்காரும், இறுகியபின் தின்னர் பட்டாலும் கரையாது. வேலையின் தரத்தை மட்டும் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான்.

கனம் ஏறிவிடும் ஆபத்து இதில் அதிகம். இடுக்குகளை முன்கூட்டியே ஆழப்படுத்தி வைக்க வேண்டும். கலந்த கிளியரைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்து ஏர்பிரஷை உடனே கழுவ வேண்டும். உள்ளே இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் உதவாது.

ஆனால் நான் இதை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதுவல்ல. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தொழிலாளர்களுக்கு வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுவதும் முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்ட பொருள் அது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், அப்புறம் மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இறுகும். காற்றில் அதிகம் கலந்திருக்கிறது என்று மூக்கு எச்சரிக்காது. வாடை தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும். கார் பெயிண்ட் பட்டறைகளில் முறையாகச் செய்கிறவர்கள் வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பெயிண்ட் அடிக்கவென்றே உள்ள தனி பூத்துக்குள் நின்று அடிக்கிறார்கள். படுக்கையறை மூலையில் மேஜை போட்டு, பக்கத்து அறையில் அம்மாவும் பிள்ளைகளும் இருக்க இதை அடிப்பதற்கு எந்த லோட்டஸும் ஈடில்லை. 2கே-தான் வேண்டும் என்றால், காரின் உடலை மட்டும் நல்ல வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் அடித்து வாங்குங்கள். அதற்கும் முன், பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் அதே பெயிண்டும் மிச்ச டீக்காலும் வைத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு இரும்புதான் பழக்கம், மாடலின் மெல்லிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பழக்கமில்லை.

லேக்கர் மட்டும் பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. ஆனால் வெளியேற்றும் விசிறியுள்ள பூத்தும், கரி வடிகட்டி உள்ள முகக்கவசமும் இருந்தால் லேக்கரை வீட்டில் சமாளிக்கலாம். துணி மாஸ்க்கும் என்95-உம் துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

மர வேலைக்காரர்கள் அடிக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் எல்லா ஹார்டுவேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறதே என்ற எண்ணம் வரலாம். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் மஞ்சளாகும். வெள்ளைக் காரில் சில வருடங்களில் தெரிந்துவிடும். அதன் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கை அரிக்கும் அளவுக்குக் காரம். ஏர்பிரஷ் கழுவ என்சி தின்னர் அருமை, மாடல் மேல் வேண்டாம்.

நம் ஊர்க் காற்று

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட கலவை விகிதங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கிளியருக்குள் சிக்கி, பால் மாதிரி வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கறுப்பு உடலின் மேல் கிளியர் அடித்த பலரும் இந்த வெளுப்பைப் பார்த்திருப்பார்கள். வேகமாகக் காயும் தின்னரில் இது அதிகம், மெதுவாகக் காயும் தின்னரில் குறைவு; லெவலிங் தின்னர் நம் ஊருக்கு இரட்டிப்பு லாபம் தருவது இதனால்தான். ஸ்ப்ரே கேனில் அந்தத் திருத்தம் செய்ய வழியில்லாததால், மழைக்காலத்தில் கேனை நான் முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்வேன். லேசாக வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம்; காற்று காய்ந்த ஒரு நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கம்ப்ரசரும் ஈரக் காற்றைத்தான் இழுத்து அழுத்துகிறது. குழாயில் நீர் சேரும். நீரைப் பிடித்துவைக்கும் மாய்ஸ்சர் டிராப் இல்லாமல் அடித்தால் கடைசி ஈரச் சுற்றின் நடுவில் ஒரு நீர்த்துளி பறந்து வந்து உட்காரும். கலர் அடிக்கும்போது கூடச் சமாளித்துவிடலாம், கிளியரில் அது ஒரு பள்ளமாக நிற்கும். டேங்க் உள்ள கம்ப்ரசர் என்றால் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

வெயிலில் காயவைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தோன்றுவது. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் கரைப்பான் குமிழாக வெடிக்கும். மெல்லிய பாகங்கள் வளையவும் செய்யும். கவிழ்த்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டு, அறையின் நிழலிலேயே வைத்துவிடுவது நல்லது.

எதற்கு எது

லோட்டஸ் 79-க்கு, ஏர்பிரஷும் பூத்தும் இருந்தால், தயங்காமல் ஜிஎக்ஸ்100 அல்லது எல்பி-9, லெவலிங் தின்னரோடு. தனியாக வாங்கிய டீக்காலின் மேல் மட்டும் சந்தேகம் இருந்தால் தூவல் சுற்றுகளைக் கூட்டுங்கள். அந்தத் தாளில் மிச்சமிருக்கும் ஒரு எழுத்தை ஸ்பூனில் ஒட்டி முதலில் அதன் மேல் அடித்துப் பாருங்கள். மைக்கா, மெட்டாலிக் நிறங்களுக்கும் இதே பதில்தான். அந்த நிறங்களை நேரடியாகத் தேய்க்க முடியாது, தேய்த்தால் துகள் கலைந்துவிடும், அதனால் தேய்க்கத் தகுந்த கிளியர் அவசியம். பழைய டீக்கால், விமானம், டாங்கி என்றால் எக்ஸ்-22. குரோமுக்கும் கண்ணாடிக்கும் அக்வா கிளாஸ். ஏர்பிரஷ் இல்லை, கார்தான் கட்டுகிறேன் என்றால் டிஎஸ்-13, காய்ந்த பருவத்தில்; முதல் கார்களுக்கு டீக்கால் குறைவான, ஒரே நிறத் தெருக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால் கை பழகும்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது தேர்வோடு சேர்ந்தது. நன்றாக உட்கார்ந்த ஜிஎக்ஸ்100-க்கு ஒரு வாரம் விட்டு, 3000 நம்பர் ஈர உப்புத்தாளில் ஒரு சொட்டு சோப்பு நீரோடு மெல்லத் தேய்த்து, டமியாவின் ஃபைன், ஃபினிஷ் பாலிஷ் காம்பவுண்டுகள் போதும். அலை கூடுதலாக இருந்தால் 2000-இல் ஆரம்பித்து, கோர்ஸ் காம்பவுண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்புகளைத் தொடவே தொடாதீர்கள். பரப்பு இழுவிசையால் ஈரக் கிளியர் விளிம்பிலிருந்து விலகி உள்ளே போய்விடும். அங்கே படலம் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் கறுப்பு போய் பிளாஸ்டிக் தெரியும். தேய்க்கப் போகும் முன் விளிம்புகளின் மேல் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கடைசி காம்பவுண்டின்போது மட்டும் எடுத்துவிட்டு மென்மையான துணியால் ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும்.